பதில் எழுத வேண்டியவை

மயிலாப்பூர்,
21 ஜனவரி 2024

அன்பு மகள் ரோஸிக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். முழங்கால்தான் படிக்கட்டைக் கண்டால் கொஞ்சம் யோசிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் அங்கே சுகம் என்று நம்புகிறேன். நம்புவது வேறு, தெரிந்துகொள்வது வேறு. அதனால் ஒழுங்காகப் பதில் போடு.

ஃபோனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, இனி எழுதிக்கொள்ளலாம் என்று கிறிஸ்துமஸ் அன்று நீ சொன்னது எனக்குப் பூரண சம்மதம். இங்கே எல்லோரிடமும் இருக்கும் செயலி உங்கள் ஊரில் வேலை செய்யாது, உங்கள் ஊரில் இருப்பது இங்கே தடை. ஆகவே நான் கையால் எழுதி, படமெடுத்து, உன் அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புவேன். நீயும் கையால் எழுது. தட்டச்சு செய்த கடிதம் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

அன்றைக்கு நீ இன்னொன்றும் சொன்னாய். அப்பா போய் நாலு வருஷமாகிறது, சில மாதங்கள் அங்கே வந்து உன்னோடு இருக்கிறேன் என்றேன். “இங்க வந்து என்னம்மா பண்ணுவீங்க? கடைக்குப் போனா பேசத் தெரியாது, பக்கத்து வீட்டோட பேசத் தெரியாது. எச்.எஸ்.கே. மூணாவது லெவல் முடிச்சிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்” என்றாய்.

விசாரித்துவிட்டேன். வெளிநாட்டார் எழுதும் சீன மொழித் தேர்வு. மூன்றாம் நிலைக்கு அறுநூறு சொற்கள். தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் வகுப்பு நடக்கிறது. சேர்ந்துவிட்டேன். கன்னியாஸ்திரிகளிடம் பதினோரு வருஷம் படித்தவளுக்கு அறுநூறு சொல் ஒரு பாரமல்ல. ஆம்பூரில் செருப்பு வடிவமைக்கக் கற்ற என் மகள் சீனாவில் சுவான்ஜோவுக்குப் போய் அந்த மொழியில் கூட்டம் நடத்துகிறாள். அவள் தலை என்னிடமிருந்து வந்ததுதானே.

பதில் எழுத வேண்டியவை: உன் வீட்டில் எத்தனை அறை? மாப்பிள்ளையின் அம்மா எந்நேரமும் உங்களோடுதான் இருக்கிறாரா? ஞாயிறு பூசைக்குப் போகிறாயா? இரவில் சோறா, கஞ்சியா? ஏன் குரல் இளைத்திருக்கிறது?

ஆசீருடன்,
அம்மா


சுவான்ஜோ,
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

தோத்திரம். நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் முழங்காலுக்கு அந்தப் பச்சைத் தைலத்தையே தடவுங்கள், புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

இங்கே வசந்த விழா விடுமுறை. தெருவெல்லாம் பட்டாசுப் புகை. மாமியார் மூன்று நாளாக அடுப்பை விட்டு நகரவில்லை. இறால், சிப்பி, சேமியா என்று ஏதோ ஒன்று கொதித்துக்கொண்டே இருக்கிறது.

நீங்கள் நிஜமாகவே வகுப்பில் சேர்ந்துவிட்டீர்கள் என்று உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். “உன் அம்மாவா? அப்படியானால் தேறிவிடுவார்” என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. அம்மா, அது சுலபமான தேர்வில்லை. வெயில் காலத்தில் பஸ் ஏறி இறங்கி ஏன் சிரமப்பட வேண்டும்? அடுத்த வருஷம் நானே விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன்.

வீட்டில் மூன்று அறை. இரவில் கஞ்சிதான். மற்றவற்றுக்கு விழா முடிந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
ரோஸி


மயிலாப்பூர்,
17 மார்ச் 2024

அன்பு மகள் ரோஸிக்கு,

அம்மா எழுதுவது. சுகத்துக்குக் குறைவில்லை. உன் சுகத்தைப் பற்றி நீ எழுதியதில் ஒன்றுமில்லை. ஐந்து கேள்விக்கு இரண்டு பதில். நாற்பது சதவீதம்.

மெட்ரோவுக்காக லஸ் முனையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று அதை ஓட்டுகிறவருக்கே அன்றன்றைக்குத்தான் தெரிகிறது. ஆனாலும் ஒரு வகுப்பைக்கூட நான் தவறவிடவில்லை.

ஆசிரியை ஹம்சினி. ஆதம்பாக்கத்துப் பெண். சீனாவில் மருத்துவம் படித்தவள். இங்கே டாக்டராக ஓர் உரிமத் தேர்வு தேற வேண்டுமாம், அதற்குப் படித்துக்கொண்டே எங்களுக்குப் பாடம் நடத்துகிறாள். முதல் நாள் ஆன்ட்டி என்றாள். வகுப்பில் நீ ஆசிரியை, நான் மாணவி, ஆக்னஸ் என்று கூப்பிடு என்றேன். அவள் வாயில் அது வரவில்லை. ஆக்னஸ் மேடம் என்று முடிவாயிற்று.

என் பக்கத்து நாற்காலியில் ஜவஹர் என்று ஒருவர். சிந்தாதிரிப்பேட்டையில் அலங்கார விளக்குக் கடை வைத்திருக்கிறார். சரக்கெல்லாம் உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்துதான் வருகிறதாம். என் தாளைப் பார்த்து எழுதுகிறார், அதைப் பற்றி வெட்கமும் இல்லை.

“இன்னா மேடம், இந்த வயசுல உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த ரோதன?” என்று கேட்டார். “எனக்குத்தான் தலையெழுத்து. கன்டெய்னர் அங்க மாட்டிக்கினு கீது, இங்கிலீஷ்ல சொன்னா அவனுங்க தலைய தலைய ஆட்றானுங்க.”

என் மகள் அங்கே இருக்கிறாள் என்றேன்.

“அதுக்கு டிக்கெட் எடுத்தா போதாதா? பரீட்ச எதுக்கு?”

அவர் விட்ட இடத்தை என் தாளைப் பார்த்து நிரப்பிக்கொண்டார்.

வாராந்தரத் தேர்வில் எனக்குத் தொண்ணூற்றாறு. மீதி நாலு எங்கே போயிற்று என்று ஹம்சினியைக் கேட்டேன். “விடுங்க மேடம், தொண்ணூத்தாறு வாங்கிட்டு யாரும் மூஞ்சிய இப்படி வெச்சுக்க மாட்டாங்க” என்கிறாள். நாலும் கேட்டல் பகுதியில் போனவை. எழுத்து எனக்கு வருகிறது, கோடு கோடாக வரைந்தால் கை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. காதுதான் சண்டித்தனம் பண்ணுகிறது. ஒலிப்பதிவில் ஓர் ஆணும் பெண்ணும் பேசுவார்கள். அவன் எப்போதும் ரயிலைத் தவற விடுகிறான். அவள் எப்போதும் மழை வருமா என்று கவலைப்படுகிறாள். மூன்றாம் நிலை வரைக்கும் ஒவ்வொரு பேச்சையும் இரண்டு தடவை போடுவார்களாம். இரண்டாவது தடவையில் பிடித்துவிடுகிறேன்.

பதில் எழுத வேண்டியவை: போன கடிதத்தில் விட்ட மூன்று. அவற்றோடு, அடுத்த வருஷம் வருகிறேன் என்றாயே, எந்த மாதம்? ஏன் இந்த வருஷம் வர முடியாது?

ஆசீருடன்,
அம்மா


சுவான்ஜோ,
7 ஜூலை 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

தோத்திரம். உங்கள் ஏப்ரல், மே, ஜூன் கடிதங்கள் மூன்றும் வந்தன. பதில் எழுதாமல் இருந்ததற்கு நீங்கள் என்ன சொன்னாலும் தகும். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஐந்தாவது மாதம். நவம்பர் கடைசியில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குழந்தையும் நானும் நன்றாக இருக்கிறோம்.

கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு உடனே ஃபோன் பண்ணாதீர்கள், அம்மா. எனக்கு இப்போது பேசத் தெம்பில்லை.

இங்கே பிரசவத்துக்குப் பிறகு ஒரு மாதம் தாயை வெளியே விடமாட்டார்கள். காற்று படக்கூடாது, தண்ணீரில் கை வைக்கக்கூடாது. அந்த ஒரு மாதத்தையும் கணவனின் தாய்தான் பார்த்துக்கொள்வார். மாமியார் இப்போதே இஞ்சி வாங்கிக் குவித்திருக்கிறார். நீங்கள் வர நினைப்பீர்கள் என்று தெரியும். ஒரே வீட்டில் நீங்கள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவில் கைக்குழந்தையோடு நான் நின்று மொழிபெயர்ப்பதென்றால் என்னால் ஆகாது. மூன்றாம் நிலை முடித்திருந்தால் அது வேறு. இன்னும் முடியவில்லையே. குழந்தைக்கு ஒரு வயதானதும் தூக்கிக்கொண்டு நாங்களே வருகிறோம்.

வெயிலில் அலையாதீர்கள். வீட்டு வேலைக்கு முத்தம்மாவை ஒருநாள் விட்டு ஒருநாளாவது வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ரோஸி


மயிலாப்பூர்,
8 ஜூலை 2024

அன்பு மகள் ரோஸிக்கு,

அம்மா எழுதுவது. சுகம். கடவுளுக்கு நன்றி. கடிதம் வந்த மாலையே லஸ் கோவிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

நீ சொன்னபடி ஃபோன் பண்ணவில்லை. வீட்டுக்குள் நடந்தேன். கூடத்திலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து பால்கனி. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

பெற்ற தாய்க்கு ஐந்தாம் மாதத்தில் செய்தி. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, கீழே கேள்வியாகப் போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 14ஆம் தேதி தேர்வு. வீட்டிலிருந்தே கணினியில் எழுதும் முறைக்குப் பணம் கட்டிவிட்டேன். ஹம்சினி டிசம்பருக்குப் போகலாம் என்றாள். டிசம்பர் எனக்குப் பிரயோஜனமில்லை என்றேன். வேறு என்ன நடந்தாலும் நீ போட்ட நிபந்தனை குறையில்லாமல் நிறைவேறும். அதற்குப் பிறகு மொழிபெயர்க்க உன்னை யாரும் நடுவில் நிறுத்தமாட்டார்கள்.

பதில் எழுத வேண்டியவை: ஏன் ஐந்து மாதம் சொல்லவில்லை? இரத்த அழுத்தம் எவ்வளவு? இரும்புச் சத்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? மாடிப்படி ஏறுகிறாயா? வேலைக்கு இன்னும் ஏன் போகிறாய்? எடை? யார் யாருக்கு எனக்கு முன்பே தெரியும்?

ஆசீருடன்,
அம்மா


மயிலாப்பூர்,
25 ஆகஸ்ட் 2024

அன்பு மகள் ரோஸிக்கு,

அம்மா எழுதுவது. சுகம் என்றுதான் எழுத வேண்டும். தூக்கம் போய்விட்டது. படுத்தால் காதுக்குள் அந்த ஆணும் பெண்ணும் ரயிலைத் தவற விடுகிறார்கள். பெசன்ட் நகர் மாதா கோவிலில் வியாழக்கிழமை கொடியேற்றம். நடந்து போகிறவர்களின் கூட்டம் சாந்தோம் சாலையில் இப்போதே தொடங்கிவிட்டது. இந்த வருஷம் நான் போகவில்லை, படிக்க வேண்டும்.

ஏழு கேள்விக்கு உன்னிடமிருந்து ஒரு பதிலும் வரவில்லை. அது இருக்கட்டும்.

நேற்று வகுப்பு முடிந்து தேநீர்க் கடை வாசலில் நின்றோம். ஜவஹர் என் மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்டார். சுவான்ஜோ, அவளுடைய மாமியாரோடு பேசத்தான் இத்தனை படிப்பும் என்றேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

“மாமியாருக்கு இன்னா வயசு மேடம்?”

எழுபது இருக்கும் என்றேன்.

“போச்சு. எனக்கு சரக்கு போட்றவன் அந்த ஊருதான். அவன் நம்மகிட்ட பேசறது இந்த சீனம். அவங்கம்மா பேசறது வேற. அது சுத்தமா வேற மேடம், நம்ம தமிழுக்கும் இந்திக்கும் நடுவுல எவ்ளோ கீதோ அவ்ளோ. போன வாட்டி அந்தக் கெழவி எனக்கு சோறு போட்டு முழுசா ஒரு மணி நேரம் பேசிச்சு. நானும் சிரிச்சிக்கினே துன்னுட்டு வந்தேன்.”

ஹம்சினியைப் பார்த்தேன். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “அந்தக் கடற்கரைப் பக்கம் வயசானவங்க அவங்க பாஷைதான் பேசுவாங்க மேடம். மின்னான்னு சொல்லுவாங்க. சின்னவங்களுக்கு ரெண்டும் தெரியும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். பொண்ணு சொல்லியிருப்பாங்களே.”

வீட்டுக்கு வந்து அகராதியை மூடி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தேன்.

முப்பது வருஷம் காப்பீட்டு அலுவலகத்தில் பிறர் எழுதிய கடிதங்களைத் திருத்தியிருக்கிறேன். ஒரு கடிதத்தில் விட்டுப்போனது எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பதில் எழுத வேண்டியது, இந்தத் தடவை ஒன்றே ஒன்று: நான் யாரோடு பேசுவதற்கு இந்தப் பரீட்சையை எழுதுகிறேன்?

ஆசீருடன்,
அம்மா


சுவான்ஜோ,
9 செப்டம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

தோத்திரம். எல்லோரும் நலம். இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறேன்.

மாமியாருக்கு நம்முடைய, அதாவது நீங்கள் படிக்கிற சீனமும் கொஞ்சம் புரியும். டிவியில் கேட்டுக் கேட்டுப் பழக்கம். கடையில், ஆஸ்பத்திரியில் எல்லாம் அதுதான். படித்தது வீண்போகாது.

தேர்வை நன்றாக எழுதுங்கள். முந்தின இரவு தூங்குங்கள்.

அன்புடன்,
ரோஸி


மயிலாப்பூர்,
16 செப்டம்பர் 2024

அன்பு மகள் ரோஸிக்கு,

அம்மா எழுதுவது. சுகம். உன்னுடைய கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கேட்டதற்கு அதில் பதில் இல்லை.

தேர்வை எழுதிவிட்டேன். பெயரைக் கொடுத்த பரீட்சைக்குப் போகாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

எப்படி நடந்தது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும், உன்னிடமே சொல்கிறேன். எதிரே ஒரு கேமரா, பக்கவாட்டில் ஃபோன் கேமரா. அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது, வேறு குரல் கேட்கக்கூடாது. தொடங்கும் முன் மடிக்கணினியைத் தூக்கிச் சுவர், மேசைக்கு அடி, கட்டில் எல்லாவற்றையும் காட்டச் சொன்னார்கள். சுவரில் இருதயநாதர் படம், அதன் கீழே அப்பா. அந்தப் பக்கம் இருந்து பார்த்தவர்கள் அப்பாவை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்திருக்க வேண்டும், யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்று. கேமராவை அங்கேயே வைக்கச் சொன்னார்கள்.

முத்தம்மாவுக்கு முந்தின நாளே விடுமுறை கொடுத்துவிட்டேன். கண்ணகி நகரிலிருந்து பஸ் மாறி வருகிறவள், ஒரு நாள் மிச்சம் என்று சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கேட்டல் பகுதியில் பாதி தாண்டியிருப்போம். சாவி திரும்பியது. அவளிடம் ஒரு சாவி இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

“எம்மா, வஞ்சிரம் வாங்கினு வந்தேன். நீ ஒண்டியா பரீட்ச எழுதறியே, துன்ன இன்னா பண்ணுவ?”

நான் திரும்பவில்லை. திரும்பினால் அதுவும் தப்பு. கையை மட்டும் மேசைக்கு அடியில் ஆட்டினேன்.

“இன்னாத்துக்கு கைய ஆட்ற? வலிக்குதா?” என்று அறைக்குள்ளேயே வந்து, என் தோளுக்கு மேலே திரையைப் பார்த்து, “யாரு இவுங்க, ரோஸி பாப்பா மாமியாரா?” என்று கேட்டாள். திரையில் தெரிந்த மேற்பார்வையாளர் ஓர் இளம் பெண்.

எச்சரிக்கை வந்தது. முத்தம்மா பயந்து, மீனோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குள் ஆறு பேச்சு ஓடிவிட்டது. எதையும் இரண்டாவது தடவைகூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வாசிப்பும் எழுத்தும். இரண்டையும் முழுதாக முடித்தேன்.

முடிந்ததும் சமையலறைக் கதவைத் திறந்தேன். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். “போச்சா எம்மா, என்னால?” என்றாள். போகவில்லை, மீனைப் பொரி என்றேன். இருவரும் சாப்பிட்டோம்.

முடிவு இந்த மாதக் கடைசியில் வரும்.

பதில் எழுத வேண்டியவை: என்னுடைய ஆகஸ்ட் கடிதத்தில் இருக்கிறது.

ஆசீருடன்,
அம்மா


சுவான்ஜோ,
20 அக்டோபர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

தோத்திரம். நான் சுகம், குழந்தை சுகம். கால் வீங்கியிருக்கிறது, அது இந்த மாதத்தில் இருப்பதுதான் என்கிறார்கள்.

தேர்வு முடிவு வந்திருக்கும். நீங்கள் எழுதவில்லை. நான் கேட்கப்போவதில்லை. ஏன் கேட்கமாட்டேன் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். மூன்று வாரமாக எழுதி எழுதி வைத்தது.

மாமியாருக்கு நீங்கள் படிக்கிற சீனம் தெரியாது. அவருடைய பாஷையில் எனக்கு இருபது சொல் தெரியும். சாப்பிடு, சூடு, உட்கார், தூங்கு. ஏழு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் அதில்தான் குடும்பம் நடத்துகிறோம். எச்.எஸ்.கே. என்று நான் சொன்னது உங்களை நிறுத்துவதற்காக. பரீட்சை என்றால் நீங்கள் நிற்கமாட்டீர்கள் என்று எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

போன வருஷம் தவக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் என்று ஃபோனில் சொன்னேன், ஞாபகமிருக்கிறதா? காய்ச்சல் இல்லை அம்மா. நாலாவது மாதத்தில் கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஃபோனை எடுத்தேன். உடம்பு சரியில்லை என்று தொடங்கினேன். நீங்கள் உடனே, என்ன சாப்பிட்டாய், மழையில் போனாயா, எத்தனை நாளாக, ஏன் முன்பே டாக்டரிடம் போகவில்லை, யார் சொல்லி இந்த மாத்திரை என்று கேட்டீர்கள். எல்லாம் அக்கறைதான், எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு கேள்வியும், நீ எங்கே தப்பு பண்ணினாய் என்று கேட்பது போல இருந்தது. மீதி நாலு எங்கே என்பது போல. நான் காய்ச்சல் என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்தத் தடவை நாலு மாதம் தாண்டும் வரை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு மாமியார் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவருக்கு என்னிடம் எதுவும் கேட்க முடியாது. சூடான துணியால் என் பாதத்தைத் துடைத்தார். அவர் பார்க்கும் மேடை நாடகத்தை டிவியில் போட்டு, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டார். நானும் அவரும் இருபது நாள், வாய் மட்டும் அசைகிற நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில்தான் தேறி எழுந்தேன்.

உங்களைப் பிடிக்காமல் அல்ல அம்மா. உங்களிடம் எப்போதும் சரியான பதில் வைத்திருக்க வேண்டும். எனக்கு அப்போது பதில் இல்லை. இப்போதும் பயமாக இருக்கிறது. இந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனாலும் பதில் இருக்காது.

நீங்கள் வர வேண்டும் என்றும் இருக்கிறது. இரவில் விழிப்பு வந்தால் உங்கள் பவுடர் வாசனை ஞாபகத்துக்கு வருகிறது. அழைப்புக் கடிதத்தை இத்தோடு இணைத்திருக்கிறேன், விசாவுக்கு வேண்டும். ஆனால் ஒரு மாதம் என்னிடம் எதையும் கேட்காமல் உங்களால் இருக்க முடியுமா? முடியாதென்றால் அதையும் எழுதுங்கள். கோபப்படமாட்டேன்.

அன்புடன்,
ரோஸி


சுவான்ஜோ,
5 நவம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

தோத்திரம். இரண்டு வாரமாகிறது. நீங்கள் இப்படிப் பதில் போடாமல் இருந்ததே இல்லை. நான் அதை எழுதியிருக்கக்கூடாது என்று தோன்றுகிறது. சுகம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ரோஸி


மயிலாப்பூர்,
10 நவம்பர் 2024

அன்பு மகள் ரோஸிக்கு,

அம்மா எழுதுவது. சுகம்.

உன் அக்டோபர் கடிதம் வந்த அன்றே ஆறு பக்கம் எழுதினேன். மறுநாள் படித்துப் பார்த்தேன். வரிக்கு வரி கேள்விக்குறி. கிழித்துப் போட்டுவிட்டு நாலு பக்கம் எழுதினேன். அதிலும் அப்படியே. இது எத்தனையாவது என்று சொல்லப்போவதில்லை. எனக்கு இந்த மாதிரிக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, அதனால்தான் தாமதம்.

தேர்வு முடிவு செப்டம்பர் கடைசியிலேயே வந்துவிட்டது. முந்நூற்றுக்கு நூற்று எழுபத்தொன்று. தேற நூற்று எண்பது வேண்டும். நான் தேறவில்லை. முத்தம்மாவிடம் தேறிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், அவளிடம் நீ மாற்றிச் சொல்லிவிடாதே. ஜவஹர் தேறிவிட்டார். ஹம்சினியிடம் நானே ஃபோன் பண்ணிச் சொன்னேன். அவள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. தானும் போன ஜூனில் உரிமத் தேர்வில் தேறவில்லை என்றாள். கொஞ்ச நேரம் இருவரும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தோம். நன்றாகத்தான் இருந்தது.

லஸ் கோவிலில் ஒரு பூசைக்குக் கொடுத்தேன். யாருக்காக என்று எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார்கள். பெயர் வைக்க வாய்க்காத குழந்தை, கடவுளுக்குத் தெரியும் என்றேன். முன் பெஞ்சில் உட்கார்ந்து முழுப் பூசையும் கண்டேன்.

விசா வந்துவிட்டது. பத்தொன்பதாம் தேதி சிங்கப்பூர் வழியாக, உன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சியாமெனுக்கு வருகிறேன். விமான நிலையத்துக்கு மாப்பிள்ளை வந்தால் போதும். நீ காலை நீட்டிப் படுத்திரு.

நல்லெண்ணெய் இரண்டு டின், உரித்து வெயிலில் காயவைத்த பூண்டு, காதில் வைக்கப் பஞ்சு, இவற்றை எடுத்து வருகிறேன். எல்லாவற்றையும் சம்பந்தியம்மா கையில் கொடுத்துவிடுவேன். அடுப்பு அவருடையது. இஞ்சி உரிக்க ஆள் வேண்டியிருக்கும், அது நான். சாப்பிடு, சூடு, உட்கார், தூங்கு, இந்த நாலையும் அவர் சொல்லும் விதத்திலேயே கற்றுக்கொள்கிறேன். சத்தமில்லாத நாடகம் ஓடும்போது அவருக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வை.

உன் அறைக்கு வரும்போது பவுடர் போட்டுக்கொண்டு வருவேன்.

இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுத வேண்டியது எதுவும் இல்லை.

அம்மா